புளியங்கொட்டையில் ஒரு காடு

2007ஆம் ஆண்டு சித்திரை மாதம் 30ஆம் திகதி அமெரிக்காவில் ஒரு விளையாட்டு ஆரம்பமானது. அதன் பெயர் 'எண்ணெய் இல்லாத உலகம்'. இன்று காலை எழும்பும்போது பெற்றோலுக்குத் தட்டுப்பாடு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் வீட்டிலும் தெருவிலும் என்ன நடக்கும், நீங்கள் எப்படிச் சமாளிப்பீர்கள் என்று எழுதி அனுப்புங்கள் என்று கேட்டார்கள். மொத்தம் 32 நாட்கள். ஒவ்வொரு நாளும் தட்டுப்பாட்டில் ஒரு வாரத்துக்குச் சமன். கென் எக்லண்ட் என்பவர் உருவாக்கிய இந்த விளையாட்டில் ஏறத்தாழ 1900 பேர் கணினி மூலம் பங்குபற்றினார்கள். "வாழ்வதற்கு முன்னர் விளையாடிப் பாருங்கள்" என்பதே அவர்களுக்கு விடுக்கப்பட்ட அழைப்பு.

அந்த நாட்களில் எமது படுவான்கரைச் சனங்கள் எங்கே இருந்தார்கள் என்பதை இதை வாசிக்கும் பலருக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த ஆண்டு பங்குனியில் மட்டக்களப்பு மாவட்டத்தில் இடம்பெயர்ந்தோரின் தொகை ஒன்றரை இலட்சத்தைத் தாண்டியிருந்தது. வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு வந்து, கூடாரங்களிலும் பாடசாலைகளிலும் மூன்று கல்லை வைத்து, ஈர விறகை ஊதி ஊதிச் சமைத்துக்கொண்டிருந்தோம். அங்கே விளையாடிப் பார்த்ததை இங்கே நாங்கள் வாழ்ந்து முடித்திருந்தோம். அதற்கும் முன்னர், 1990களில், பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயும் பற்றரியும் பொன் போல இருந்தன. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சப் பஞ்சும் நாலு துளி எண்ணெயும் விட்டு எரிந்த விளக்கையும், சைக்கிள் தைனமோவைச் சுற்றிக் கேட்ட வானொலிச் செய்தியையும் வடக்குக் கிழக்கில் அறியாதவர் யார்? இவற்றில் பெரும்பகுதி பெண்களின் கையில் நடந்தது. வீட்டில் விளக்கெரிய வேண்டும், அடுப்பெரிய வேண்டும், பிள்ளை படிக்க வேண்டும்.

ஆனால் இன்று 'நிலைபேறான வலுசக்தி' என்று ஒரு கருத்தரங்கு வைத்தால் இந்தப் பெண்கள்தான் பின்வரிசைக் கதிரையில் மௌனமாக இருக்கிறார்கள். வளவாளர் வருவார், திரையில் படம் காட்டுவார், கிலோவாட், கார்பன் என்று சொல்வார், தேநீர் குடித்துவிட்டுப் போவார். ஒருமுறை 'வலுசக்தி' என்ற சொல்லைக் கேட்டதும் "அது சத்துமாவா புள்ள?" என்று பக்கத்தில் இருந்த அம்மா என்னிடம் இரகசியமாகக் கேட்டா. அவ கேட்டதில் பிழையில்லை. விறகு, மண்ணெண்ணெய், காஸ், கரண்ட் என்று நாங்கள் தனித்தனியாகப் பெயர் சொல்லிப் பழகிய நான்கு பொருட்களையும் ஒரு சொல்லில் அடக்கிவிட்டு, அந்தச் சொல்லைப் புரியவில்லை என்று எங்களைக் குறை சொல்வது நியாயமா?

இந்த இடத்தில்தான் விளையாட்டு உதவுகிறது. விளையாட்டென்றால் சிறுபிள்ளைத்தனம் என்று சிலர் முகம் சுழிப்பார்கள். எமது மண்ணில் அப்படி ஒரு நினைப்பு இருந்ததில்லை. கண்ணகி அம்மன் வழிபாட்டோடு சேர்ந்த கொம்புமுறி விளையாட்டு மழை வேண்டியும் நோய் நீங்க வேண்டியும் ஊரே இரண்டு சேரியாகப் பிரிந்து ஆடியது. அதில் ஊர்ப் பெரியவர்களுக்கு வேலை இருந்தது, விதி இருந்தது, தோற்ற சேரியும் வென்ற சேரியும் மறுகா ஒன்றாக இருக்கும் வழியும் இருந்தது. கொக்கான், தாயம், பல்லாங்குழி எல்லாம் கணக்குப் பாடந்தான்.

வேறு நாட்டிலும் இப்படித்தான். பிள்ளைகள் காசுத்தாள் வைத்து, காணி வாங்கி, வாடகை அறவிட்டு விளையாடும் 'மொனோபொலி'யை அறிவீர்கள். அதன் மூலத்தை உருவாக்கியவர் ஒரு பெண். அமெரிக்காவைச் சேர்ந்த எலிசபெத் மெகி. காணிச் சொந்தக்காரர் வாடகையால் கொழுக்க, மற்றவர்கள் எப்படி ஒட்டாண்டியாகிறார்கள் என்பதைச் சனங்களுக்கு விளங்கப்படுத்தவே அதைச் செய்து 1904இல் காப்புரிமையும் பெற்றார். 1935இல் ஒரு கம்பனி 500 டொலர் கொடுத்து அந்த உரிமையை வாங்கியது. பெயரும் புகழும் நீண்டகாலம் ஒரு ஆணுக்கே போய்ச் சேர்ந்தது. இது எமக்குப் புதினமான கதையல்ல.

எல்லா விளையாட்டும் ஒன்றல்ல என்பதையும் சொல்லவேண்டும். பாம்பும் ஏணியும் அட்டையைத் திருத்தி, 'மின்குமிழை அணைத்தாய், ஏணியில் ஏறு', 'விறகு எரித்தாய், பாம்பு கடித்தது' என்று செய்வது வழக்கமாகிவிட்டது. பிள்ளைகளுக்குப் பொழுது போகும். ஆனால் அதில் யார் ஏறுவது, யார் இறங்குவது என்று தீர்மானிப்பது தாயக்கட்டை. விறகு எரிக்கும் பெண் பாவம் செய்தவள் என்ற எண்ணத்தையும் அது மனதில் பதித்துவிடுகிறது. காஸ் சிலிண்டர் வாங்க வழியில்லாததால் விறகு எரிக்கிறாள் என்பதை எந்தப் பாம்பும் சொல்வதில்லை. நமக்கு வேண்டியது நாங்களே முடிவெடுத்து, அந்த முடிவு எங்கள் எல்லோரையும் எங்கே கொண்டுபோகிறது என்று கண்ணால் காணும் விளையாட்டு.

அப்படியொன்றை 1979ஆம் ஆண்டு ஜூலியன் எட்னி என்ற அமெரிக்க உளவியலாளர் எழுதி வைத்தார். சிலர் ஒரு கிண்ணத்தைச் சுற்றி இருப்பார்கள். கிண்ணத்தில் பத்து இரும்புச் சுரைகள். யாரும் எப்போதும் எடுக்கலாம். 10 செக்கனுக்கு ஒருமுறை கிண்ணத்தில் மிஞ்சியிருப்பது இரட்டிப்பாக்கப்படும். கொஞ்சம் பொறுத்தால் எல்லோருக்கும் நிறையக் கிடைக்கும். ஆனால் நூற்றுக்கு 65 குழுக்கள் முதலாவது இரட்டிப்பைக்கூடக் காணவில்லை. விழுந்தடித்துக் கிண்ணத்தை வெறுமையாக்கிவிட்டார்கள்.

இதையே கொஞ்சம் மாற்றி எங்கள் மாதர் குழுக்களில் புளியங்கொட்டையை வைத்து விளையாடுகிறோம். எப்படியென்று விரிவாக எழுதுகிறேன். நீங்களும் செய்து பார்க்கலாம்.

ஒரு சுளகில் 20 புளியங்கொட்டைகளைப் போடுங்கள். அதுதான் ஊருக்குப் பொதுவான விறகுக் காடு. வாவிக் கரையில் இருப்பவர்கள் கண்டல் காடு என்று வைத்துக்கொள்ளலாம். சுற்றி ஐந்து பெண்கள். ஒரு கொட்டை என்பது ஒரு குடும்பத்துக்குச் சில மாத விறகு. ஒரு சுற்று என்பது ஒரு மாரியிலிருந்து அடுத்த மாரி வரை. சுற்றுத் தொடங்கும்போது ஒவ்வொருவரும் தமக்கு எத்தனை வேண்டும் என்று ஒரு துண்டில் கோடு கீறி மறைத்து வைப்பார்கள். நாலுக்கு மேல் எடுக்க ஏலாது. எழுத்து வாசிப்பு அவசியமில்லை, கோடு போதும். எல்லாத் துண்டையும் ஒன்றாகத் திறந்து, அத்தனை கொட்டைகளையும் எடுத்துவிட வேண்டும். மாரி பெய்ததும் மிஞ்சிய கொட்டைகள் இரட்டிப்பாகும். ஆனால் காடு 20க்கு மேல் வளராது.

மூன்று கல் அடுப்பில் சமைக்கும் வீட்டுக்கு ஆண்டுக்கு மூன்று கொட்டை தேவை என்று வையுங்கள். ஐந்து பேரும் மும்மூன்று எடுத்தால் 15 போய்விடும், 5 மிஞ்சும். மழைக்குப் பிறகு 10. அடுத்த ஆண்டு ஐந்து வீட்டுக்கும் 15 வேண்டும், இருப்பது 10. அதையும் எடுத்தால் காடு முடிந்தது. இரண்டே ஆண்டு. யாரும் பேராசைப்படவில்லை, ஒருவரும் களவெடுக்கவில்லை. எல்லோரும் தமக்குத் தேவையானதை மட்டுமே எடுத்தார்கள். சுளகு வெறுமையாக இருப்பதைக் கண்டதும் கூட்டத்தில் ஒரு அமைதி வரும். "நாங்க என்னகா பிழை செய்தம்?" என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்வி வரவேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை பாடும். எந்த வளவாளரின் திரைப்படமும் அதை வரவழைத்து நான் காணவில்லை.

இரண்டாவது ஆட்டத்தில் அடுப்பை மாற்றுவோம். இலங்கையில் 1980களில் உருவான 'அனகி' அடுப்பைப் பலர் கண்டிருப்பீர்கள். களிமண்ணால் ஆனது, ஒரே நெருப்பில் இரண்டு பானை வைக்கலாம். சட்டி பானை செய்யும் குயவர்களே செய்து சூளையில் சுடலாம். மூன்று கல் அடுப்போடு ஒப்பிட்டால் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு விறகு மிச்சம் என்பார்கள். விளையாட்டுக் கணக்கில் மூன்று கொட்டை இரண்டாகிறது. இப்போது ஐந்து பேரும் எடுப்பது 10, மிஞ்சுவது 10, மாரிக்குப் பிறகு மீண்டும் 20. எத்தனை ஆண்டு விளையாடினாலும் காடு நிற்கும்.

இத்தோடு நிறுத்தினால் நல்ல விளம்பரமாக இருக்கும். நாங்கள் நிறுத்துவதில்லை. அடுப்பு மாற்றியவர்களில் ஒருத்தி, "எனக்கு இரண்டு போதும், ஆனால் மூன்றாவதையும் எடுத்து விற்றால் பிள்ளைக்குக் கொப்பி வாங்கலாம்" என்று மூன்று எடுக்கிறாள் என்று வையுங்கள். மற்ற நால்வரும் இரண்டு. முதலாம் ஆண்டு முடிவில் 9 மிஞ்சி 18 ஆகும். இரண்டாம் ஆண்டு 7 மிஞ்சி 14. மூன்றாம் ஆண்டு 3 மிஞ்சி 6. நாலாம் ஆண்டில் 11 கொட்டை தேவைப்படும்போது சுளகில் 6தான் இருக்கும். ஒரே ஒரு கொட்டை மேலதிகம். நல்ல அடுப்பு மட்டும் காட்டைக் காக்காது என்பதும், விற்றவளைத் திட்டுவதால் கொப்பி வாங்கும் வழி பிறக்காது என்பதும் அப்போதுதான் பேச்சுக்கு வரும். எந்தக் குழுவிலும் இந்த இடத்தில்தான் அதிக நேரம் எடுக்கும். அவசரப்படுத்த வேண்டாம். சிரட்டை, பொச்சு, கொக்காரை, பாளை எரித்தால் எத்தனை கொட்டை குறையும் என்று சிலர் கணக்குப் பார்ப்பார்கள். ஆலையில் உமி சும்மா கிடக்கிறது, உமி அடுப்புச் செய்யலாம் என்பார்கள். விற்கிறவளுக்கு வேறு வருமானம் என்ன என்று ஒருவர் கேட்பார்.

பேசுவது வீண் கதையல்ல. கொலம்பியா நாட்டைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். எங்களைப் போலவே பல பத்தாண்டுகள் உள்நாட்டுப் போரில் அடிபட்ட நாடு. அங்கே ஹுவான் கமிலோ கார்தெனாஸ் என்ற பொருளியலாளரும் அவருடைய தோழர்களும் 1990களின் பிற்பகுதியில் மூன்று கிராமங்களுக்குப் போய், ஊர்ச் சனங்களை எட்டு எட்டுப் பேராக இருத்தி, காட்டில் விறகு எடுக்கும் விளையாட்டொன்றை ஆட வைத்தார்கள். உண்மைக் காசு வைத்து ஆடியது. சில குழுக்கள் சுற்றுக்குச் சுற்று தமக்குள் பேசலாம். வேறு சில குழுக்களுக்குப் பேச அனுமதியில்லை. பதிலாக, இத்தனைக்கு மேல் எடுக்கக்கூடாது என்று வெளியிலிருந்து ஒரு சட்டம், எப்போதாவது ஒருவரைச் சோதித்துத் தண்டம். 2000ஆம் ஆண்டு வெளியான முடிவு பலரை யோசிக்க வைத்தது. பேசிய குழுக்கள் காட்டைக் கூடுதலாகக் காத்தன. சட்டம் போட்ட குழுக்கள் ஆரம்பத்தில் பயந்தன. பிறகு சோதனை குறைவென்று கண்டதும் முன்னரைவிடத் தன்னலமாக எடுக்கத் தொடங்கின. மேலேயிருந்து வந்த சட்டம் 'நாங்கள்' என்ற நினைப்பைத் தின்றுவிட்டது. 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற முதற்பெண் எலினோர் ஒஸ்ரம் வாழ்நாள் முழுவதும் சொல்லி வந்ததும் இதனோடு சேர்ந்தது. பொதுச்சொத்தைப் பாவிப்பவர்களே கூடி விதி செய்து, தாமே கண்காணித்தால் அது அழியத் தேவையில்லை என்றார்.

நாங்களும் மூன்றாவது ஆட்டத்தில் ஒரு 'அதிகாரி'யை வைப்போம். இரண்டுக்கு மேல் எடுத்தால் தண்டம் என்று அவ அறிவிப்பா. ஆனால் சுற்றுக்கு ஒருவரின் துண்டைத்தான் திறந்து பார்ப்பா. இந்த வேடத்துக்குச் சிரிப்புக்காரியான ஒருவரைப் போடுங்கள். கூட்டம் கலகலக்கும். ஒளிப்பதும் பிடிபடுவதும் நன்றாக நடக்கும். மறுகா கொட்டைகளை எண்ணிப் பாருங்கள்.

இந்தியாவில் ஆந்திரப் பிரதேசத்துக் கிராமங்களிலும் இப்படி நடந்தது. அங்கே பிரச்சினை நிலத்தடி நீர். பம்பிக்கான மின்சாரம் விவசாயிக்கு இலவசம் என்பதால் ஆளுக்காள் ஆழமாகத் தோண்டி இறைத்தார்கள். 2013ஆம் ஆண்டிலிருந்து ஆராய்ச்சியாளர்களும் ஒரு தொண்டு நிறுவனமும் சேர்ந்து, ஐந்து பேர் கொண்ட குழுக்களில் எந்தப் போகத்துக்கு எந்தப் பயிர் என்று தெரிவு செய்து கிணறு இறங்குவதைக் காணும் விளையாட்டை ஆட வைத்தார்கள். பெண்கள் தனிக் குழுவாகவும் ஆடினார்கள். பின்னர் போய்ப் பார்த்தபோது, விளையாடி அதைப்பற்றிக் கூடிப் பேசிய ஊர்களில் நீர்க்கணக்கு எழுதுவதும் பொது விதி வைப்பதும் மற்ற ஊர்களைவிட அதிகமாக இருந்தது. சுளகிலிருந்து வயலுக்கு ஏதோ ஒன்று போய்ச் சேர்ந்திருக்கிறது.

இனி கரண்ட் பில்லுக்கு வருவோம்.

2022ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க மாட்டோம். பங்குனிக் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. காஸுக்கு வரிசை. ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவானது. வாவியில் இயந்திரத் தோணி வைத்திருந்த குடும்பங்கள் கரையில் குந்தியிருந்தன. அதே ஆவணியில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதத்தாலும், 2023 மாசியில் மீண்டும் 66 வீதத்தாலும் ஏறியது. குறைவாகப் பாவிக்கும் வீடுகளுக்கே வீதக் கணக்கில் ஏற்றம் கூடவாக இருந்தது. அதன்பின் கட்டணம் சிலமுறை இறங்கியும் ஏறியும் இருக்கிறது. ஆனால் பட்டியலின் உள்ளமைப்பு பலருக்கு இன்னும் புதிராகவே உள்ளது.

பட்டியலில் ஒரு படி இருக்கிறது. மாதம் 60 அலகுக்குள் நிற்கும் வீட்டுக்கு ஒரு கட்டண வரிசை. 60ஐத் தாண்டினால் வேறு வரிசை. அதில் மேலதிக அலகுக்கு மட்டுமல்ல, முதல் 60 அலகுக்கும் கூடிய விலை. நிலையான கட்டணமும் கூடும். ஆகவே 59க்கும் 62க்கும் இடையிலுள்ள மூன்று அலகு சாதாரண மூன்று அலகு அல்ல. மானி வாசிக்கும் நாள் பிந்தினால் நாட்கணக்குக்கு ஏற்ப இந்த எல்லையும் கொஞ்சம் விரியும். பட்டியலில் எத்தனை நாளென்று பாருங்கள்.

இதற்கு 60 புளியங்கொட்டை வேண்டும். ஒரு கொட்டை ஒரு அலகு. ஒரு அலகு என்பது 1000 வாட் பொருளொன்று ஒரு மணித்தியாலம் ஓடுவது. பழைய அட்டைப் பெட்டிகளை வெட்டி, ஒவ்வொன்றிலும் வீட்டுப் பொருளொன்றின் படத்தைக் கீறுங்கள். வாட் எவ்வளவென்று பொருளின் அடியிலோ பின்புறத்திலோ இருக்கும். ஒரு சாதாரண வீட்டைப் பார்ப்போம்.

பத்து வாட் எல்.ஈ.டி. குமிழ் நான்கு, நாளுக்கு ஐந்து மணித்தியாலம் என்றால் மாதம் 6 கொட்டை. 75 வாட் மின்விசிறி எட்டு மணித்தியாலம், 18 கொட்டை. பழைய பெட்டித் தொலைக்காட்சி 100 வாட், மூன்று மணித்தியாலம், 9 கொட்டை. 1000 வாட் அயன், வாரத்தில் நாலு நாள் அரை மணித்தியாலம், 8 கொட்டை. மொத்தம் 41. நிம்மதி. இப்போது தவணைக்கு ஒரு ரைஸ் குக்கர் வாங்கிவிட்டோம். 700 வாட், காலை அரை மணித்தியாலம், இரவு அரை மணித்தியாலம். மாதம் 21 கொட்டை. கூட்டிப் பாருங்கள், 62.

கையில் 60 கொட்டைதான் இருக்கிறது. எதைக் குறைப்பது? இங்கே ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு விதமாகப் பேசும். பள்ளிக்கூட உடுப்பெல்லாவற்றையும் வாரத்தில் ஒரு நாளில், அரை மணித்தியாலத்தில் அயன் பண்ணி முடித்தால் 2 கொட்டை போதும், 6 மிச்சம். காலைச் சோற்றை விறகில் வைத்தால் 10 கொட்டைக்கு மேல் மிச்சம், ஆனால் புகை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி வீட்டுப் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 32 இலட்சம் பேர் உயிரிழந்தார்கள். அடுப்படியில் நிற்பவள்தான் அதை மூச்சாக இழுக்கிறாள். ஆகவே 'மின்சாரத்தை மிச்சம் பிடி' என்பது எப்போதும் நல்ல புத்தியல்ல. எங்கே மிச்சம் பிடிப்பது என்பதுதான் கேள்வி. எல்.ஈ.டி. குமிழுக்குப் பதிலாக முந்திய 60 வாட் குமிழ் நான்கு எரிந்தால் வெளிச்சத்துக்கு மட்டும் 36 கொட்டை போகும் என்று வைத்துக் காட்டுங்கள். அதில் புகையும் இல்லை, பசியும் இல்லை. அதுவே உண்மையான மிச்சம்.

என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். மாதம் 40 அலகு பாவிக்கும் விதவைத் தாயிடம் சிக்கனம் பற்றிப் பாடம் எடுப்பவர்கள், குளிரூட்டி ஓடும் மண்டபத்தில் நின்றுகொண்டு எடுக்கக்கூடாது. அந்த மண்டபத்தின் குளிரூட்டிக்கும் ஒரு அட்டை செய்து, அதற்கு எத்தனை கொட்டை என்று நாங்கள் எண்ணிக் காட்டியதுண்டு. சுளகு காணாமல் போயிற்று.

கடனுக்கும் ஒரு அட்டை வையுங்கள். 1997 தொடக்கம் 2011 வரை உலக வங்கியின் உதவியுடனான திட்டங்களினால் மின்கம்பி போகாத கிராமங்களில் ஒரு இலட்சத்துக்கும் அதிகமான வீடுகளுக்குச் சூரிய மின் தொகுதிகள் கடனுக்குக் கொடுக்கப்பட்டன. பல பிள்ளைகள் அந்த வெளிச்சத்தில் படித்தார்கள். ஆனால் சில ஆண்டுகளில் மின்கம்பி வந்தபோது தொகுதி மூலையில் கிடந்தது, தவணை மட்டும் தொடர்ந்தது. இன்று வவுணதீவுப் பக்கம் போனால் பெரிய சூரிய மின் நிலையத்தைக் காணலாம். வெயிலுக்குக் குறைவில்லாத கரை அது. கூரையில் சோலார் போடலாம் என்று யாராவது படிவத்தோடு வந்தால், தவணை எத்தனை மாதம், பற்றரி எத்தனை ஆண்டு நிற்கும், பழுதானால் யார் வருவார் என்று கொட்டையை வைத்துக் கேட்டுவிட்டுக் கையெழுத்து வையுங்கள். நுண்கடன் எங்களுக்குக் கற்பித்தது போதும்.

பிள்ளைகளோடு விளையாடும்போது குப்பி விளக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மின்வெட்டில் அது இன்னமும் வெளியே வருகிறது. சரிந்து தீப்பிடித்து எரிகாயப்பட்ட எத்தனையோ பிள்ளைகளுக்குச் சிகிச்சை செய்த விஜய கொடகும்புர என்ற இலங்கைச் சத்திரசிகிச்சை நிபுணர், மார்மைற் போத்தலின் குள்ளமான பாரமான வடிவத்தைப் பார்த்து, சரியாத, உருளாத விளக்கொன்றை உருவாக்கினார். இரண்டு பக்கம் தட்டை, திருகு மூடி. 1998இல் அதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. வீட்டிலுள்ள போத்தல்களை வரிசையாக வைத்து, தண்ணீர் ஊற்றி, எது சீக்கிரம் சரிகிறது என்று பிள்ளைகளையே தள்ளிப் பார்க்க விடுங்கள். நெருப்பு வேண்டாம். ஐந்து நிமிட விளையாட்டுத்தான்.

குழுவை நடத்துபவர்களுக்குச் சில வார்த்தை. இவை போரில் அடிபட்ட பெண்கள் கூடும் இடங்கள். விறகுக்குப் போன இடத்தில் நடந்தவற்றைச் சிலர் இன்றுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. போனவர் திரும்பி வராத வீடும் இருக்கிறது. ஆகவே விளையாட்டில் சோதனைச் சாவடி, ஆமிக்காரன், ஷெல் என்று எந்த அட்டையும் செய்யாதீர்கள். யானை அட்டை கேட்பார்கள், படுவான்கரையில் விறகுக்குப் போகிறவருக்கு அது இன்றைய பயம். குழு சம்மதித்தால் வைக்கலாம். ஒருவர் எழும்பிப் போனால் ஏனென்று கேட்டுப் பின்னால் ஓடாதீர்கள். தேநீர் ஊற்றிக்கொண்டு பக்கத்தில் போய் இருங்கள். வென்றவருக்குப் பரிசு வைக்கவேண்டாம். பரிசு வந்ததும் எல்லோரும் பேச்சை விட்டுவிட்டுக் கொட்டையைப் பிடிப்பார்கள்.

வயதான அம்மாக்களை நடுவராக இருத்துங்கள். அவர்களிடம்தான் அந்தக் காலத்துக் கணக்கு இருக்கிறது. ஒரு போத்தல் மண்ணெண்ணெய் எத்தனை இரவு வந்தது, கஞ்சி வைத்த தணலில் வேறென்ன வேகும், எந்த மரத்து விறகு நின்று எரியும், எது புகைக்கும் என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். அமெரிக்காவில் அந்த 1900 பேரும் எழுதியவை கணினியில் சேர்த்து வைக்கப்பட்டன. எங்கள் அம்மாக்களுடையது அவர்களோடு போய்க்கொண்டிருக்கிறது.

ஒரு கூட்டத்தில் மூன்று ஆட்டமும் முடிந்து, இரண்டு இரண்டாக எடுப்பதென்று ஐந்து பேரும் உடன்பட்டு, சுளகு நிறைந்திருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நடுவராக இருந்த அம்மா மட்டும் கைதட்டவில்லை.

"மற்ற ஊர்ச் சனமும் இந்தக் காட்டிலதானே வெட்டுது. அவங்களும் நம்மளப் போல பொம்புளையள்தானே. அவங்க எங்க புள்ள இருக்காங்க?"

அடுத்த கூட்டத்துக்கு அந்த முஸ்லிம் கிராமத்து மாதர் சங்கத்துக்கும் சொல்லி அனுப்பினோம். அன்று சுளகில் 40 கொட்டை போட வேண்டியிருந்தது.